பத்தொன்பது கீழ்த்துண்டுகள்

அன்றைக்கு அவர் நீட்டிய கத்தரிக்கோலை நான் ஏன் வாங்கினேன்?

மூன்று வருடமாக எனக்குள் ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்க்கிறேன். பயம் என்றேன். மரியாதை என்றேன். மடியில் பிள்ளை இருந்தது, யோசிக்க நேரமில்லை என்றேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. எதுவும் முழு உண்மை இல்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயர் வேண்டாம். பதுளையில் நான் வேலை செய்யும் உயர்கல்வி நிறுவனத்தில் உயிரியல் துறைக்குத் தலைவராக இருந்தார். இப்போது கொழும்பில் பெரிய நாற்காலியில் இருக்கிறார். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்திருப்பார். அதற்குள் கண்ணாடி இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு விரல் நீளத்தில் வெள்ளி நிறக் கத்தரிக்கோல் இருக்கும்.

அதை வைத்து அவர் எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பார். அறிவித்தல் பலகையில் தாளின் ஓரம் மடங்கியிருந்தால் வெட்டுவார். கூட்டத்துக்கு வரும் பேனரில் நூல் தொங்கினால் வெட்டுவார். ஒருமுறை கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த விரிவுரையாளரின் சேலை முந்தானையில் தொங்கிய நூலை எட்டி வெட்டினார். அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். இவர் சிரித்தபடி, "அளவா இருக்கணும் மிஸ். அளவுக்கு மேல இருந்தா அசிங்கம்" என்றார். அதுதான் அவருடைய வாக்கியம். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கேட்போம்.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எதுவும் அளவாக இருந்ததில்லை. ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன். ஒழுங்கும் நேர்மையும் ஒன்று என்று எங்கே கற்றேனோ தெரியவில்லை.

நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தைக் கொடுக்க அவருடைய அறைக்குப் போனேன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. முகவரியில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தேன். வாசித்தார். கூட்டைத் திறந்தார். ஒரு வெள்ளைத்தாளிலிருந்து மெல்லிய துண்டொன்றை வெட்டி, அந்த இரண்டு வரிகளின் மேல் ஒட்டினார்.

"இதுல பசறைன்னு மட்டும் எழுதுங்க."

"சேர், கடிதம் வந்தா வீட்டுக்கு வந்து சேரணுமே?"

"வேலை கெடச்சா நானே கையில தாரேன். லயத்து நம்பர் எல்லாம் எதுக்கு தங்கச்சி? கேக்காதத ஏன் சொல்றீங்க?"

அவரும் ஒரு லயத்தில் பிறந்தவர்தான். கொஸ்லந்தவில் ஒரு தோட்டம் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். யாராவது கேட்டால், "கொஸ்லந்தப் பக்கம்" என்பார். அந்தப் 'பக்கம்' என்ற சொல்லுக்குள் தோட்டம், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், கொழுந்துக் கூடையோடு அவருடைய அம்மா எல்லாமே மறைந்துவிடும். பாவம், எத்தனை இடத்தில் அவமானப்பட்டிருப்பாரோ என்று அன்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். என் நன்மைக்குத்தான் செய்தார் என்றும் நினைத்தேன். வேலை கிடைத்தது. பழைய விண்ணப்பங்கள் இருக்கும் அலுமாரியைத் திறந்தால், என் படிவத்தில் அந்த வெள்ளைத்துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். வேலை ஆக வேண்டியிருந்தால் நான் 'தங்கச்சி'. வேலை முடிந்துவிட்டால் 'மிஸ்'.

அந்தச் செயலமர்வு வந்தபோது என் மகளுக்குப் பத்து மாதம். பல இடங்களிலிருந்து பதினெட்டு விரிவுரையாளர்கள் இரண்டு நாள் எங்களிடம் வந்து, முதல் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தொகுப்பு உயிரியலை எப்படிக் கற்பிப்பது என்று பழக வேண்டும். கேட்கப் பெரிய விடயம் மாதிரி இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், ஓர் உயிரின் மரபணுவை வெட்டி, இன்னோர் உயிருக்குள் ஒட்டி, அதுவரை செய்யாத வேலையைச் செய்ய வைப்பது. எங்கள் செயலமர்வில் ஒரு சாதுவான பற்றீரியாவுக்குள் ஒளிரும் மரபணுவை ஏற்றி, அடுத்த நாள் ஊதா விளக்கின் கீழ் அது பச்சையாக மின்னுவதைப் பார்க்க வேண்டும். நிதி கொடுத்த திட்ட அலுவலகம் ஒரு மதிப்பீடும் கேட்டிருந்தது. தற்காலிக விரிவுரையாளரான என்னை அவர் மதிப்பீட்டாளராகப் போட்டார்.

"நீங்கதான் நேர்மையான பிள்ள" என்றார். நான் அம்மாவுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

செயலமர்வுக்கு முந்திய சனி, ஞாயிறு பதுளையில் விடாத மழை. கரண்ட் இல்லை. திங்கட்கிழமை காலை ஆய்வுகூட உதவியாளர் என்னைக் கூட்டிப்போய் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர் நின்றது. உறைநிலையில் இருக்க வேண்டிய பற்றீரியாக் கலங்கள் எல்லாம் செத்திருக்கும். நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"யாருக்குத் தெரியும்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நமக்கு மூனு பேருக்குத்தான் சேர். கொழும்புக்குச் சொன்னா ரெண்டு கிழமையில புதுசா அனுப்புவாங்க. செயலமர்வத் தள்ளிப் போடலாமா?"

"பேனர் அடிச்சாச்சு" என்றார்.

பேனரில் திகதி இருந்தது. உயிர்கள் செத்துப்போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பேனரை வெட்டித் திகதியை மாற்ற முடியாதது மட்டும் கவலையாக இருந்தது. கடைக்கு ஆளனுப்பி நான்கு நிறத்தில் தாளும், பத்தொன்பது கத்தரிக்கோலும், கம் போத்தல்களும் வாங்கி வரச் சொன்னார்.

இரண்டு நாளும் அதுதான் நடந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து கடதாசி வெட்டினார்கள். சிவப்புத்துண்டு ஒரு மரபணு, மஞ்சள்துண்டு இன்னொன்று. இரண்டையும் வளையமாக ஒட்டினால் பற்றீரியாவுக்குள் போகத் தயார். "டி.என்.ஏ.யும் இப்பிடித்தான். வெட்டு, ஒட்டு, முடிஞ்சுது" என்று வரிசைகளுக்கு நடுவே நடந்தார். வெட்டு நேராக இல்லாதவர்களிடம் நின்று தன் கத்தரிக்கோலை எடுத்துச் சரிசெய்தும் கொடுத்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

கடதாசியால் விளக்குவது தவறல்ல. நானும் இன்று அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் அவர் அங்கேயே முடித்துக்கொண்டார்.

முதல் நாள் பகல் சாப்பாட்டுக்கு முன், கிழக்கிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் எழுந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"சேர், இதெல்லாம் சரி. பற்றீரியாவ எப்ப காட்டுவீங்க?"

"நாளைக்கு மிஸ்."

அடுத்த நாளும் அவரே எழுந்தார். "சேர், அந்த நாளைக்கு இண்டைக்கு வந்துட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் அளவாகச் சிரித்தார். "எங்க பற்றீரியா கொஞ்சம் வெக்கப்படுது மிஸ். குளிர்தானே இங்க."

"முளைக்காட்டியும் பரவாயில்ல சேர். ஏன் முளைக்கல்லண்டு பாப்பமே. எங்கட பிள்ளையளுக்கும் நாளைக்கு முளைக்காமப் போகும். அப்ப என்ன சொல்ற?"

அந்த இரண்டு நாளில் யாராவது ஏதாவது கற்பித்தார்கள் என்றால் அது அந்த ஒரு பேச்சுதான். ஃப்ரீசரைத் திறந்து காட்டியிருந்தாலே போதும். ஏன் செத்தது, எப்படிக் காப்பாற்றுவது என்று அரைநாள் பேசியிருக்கலாம். தலைவர் என்ன செய்தார் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்து, "டீ டைம்" என்றார். மீன் வைத்த மாலு பணிஸ் வந்தது. தன்னுடையதில் கருகிய ஓரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். நான் பின்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, என் பணிஸின் ஓரத்தைப் பிய்த்து ஊட்டினேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா அன்று ஒரு சாவீட்டுக்குப் போயிருந்ததால், இரண்டாம் நாள் அவளையும் கூட்டிவந்திருந்தேன்.

கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தேன். திட்ட அலுவலகம் அனுப்பிய மாதிரி அது. நீளமான லீகல் தாள். மேலே பன்னிரண்டு கேள்விகளுக்கு டிக் போட வேண்டும். அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, 'நடக்காமல் போனது எது? எழுதவும்' என்று கேட்டிருந்தார்கள்.

நம் ஆட்கள் படிவம் நிரப்பும் விதம் வாசிக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாடு போட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு குறைவாக டிக் போட நமக்கு மனம் வராது. எல்லாவற்றுக்கும் 'மிக நன்று'. பிறகு கடைசி வெற்றிடத்துக்கு வரும்போதுதான் பேனா கொஞ்சம் மெதுவாகும், மனதில் இருப்பது வெளியே வரும். பதினெட்டுப் பேரும் அப்படித்தான் செய்தார்கள். 'செய்முறைப் பயிற்சி' என்ற கேள்விக்குப் பதினெட்டு 'மிக நன்று'. கடைசி வெற்றிடமோ நிரம்பி வழிந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் வந்து படிவக் கட்டை வாங்கினார். டிக்குகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு கண் கீழே போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அலுமாரியிலிருந்து ஒரு சாதாரண ஃபைலை எடுத்து, கட்டை அதற்குள் வைத்து, அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு விரல் அகலத்தை எனக்குக் காட்டினார்.

"பாருங்க தங்கச்சி. ஃபைலுக்குள்ள அடங்கல."

"மடிச்சு வைக்கலாம் சேர்."

"மடிச்சா கிழிஞ்சிரும். அசிங்கம்." கூட்டைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "அந்த ஓரத்த மட்டும் எடுத்துருங்க. மேல உள்ளதுதானே மார்க்ஸ். கீழ உள்ளத யாரு எண்ணப்போறா?"

தானே வெட்டியிருக்கலாம். வெட்டுவது அவருக்கு உயிர். அன்று மட்டும் தன் கையால் வெட்டவில்லை. அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வெட்டினேன். மகள் மடியில் நெளிந்தாள், கத்தரிக்கோலைப் பிடிக்க எட்டினாள். ஒரு கையால் அவளைத் தள்ளிக்கொண்டு மறுகையால் வெட்டியதில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி கோணிப்போனது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேரா வெட்டத் தெரியாதா மிஸ் உங்களுக்கு?"

வேலை முடிந்துவிட்டது. மிஸ் ஆகிவிட்டேன்.

துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடச் சொன்னார். நான் பிள்ளையின் பையில் போட்டுக்கொண்டேன். அதுவும் ஏன் என்று தெரியாது. துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். குப்பைக்கூடை தூரத்தில் இருந்தது, பை காலடியில் இருந்தது என்பதும் காரணமாக இருக்கலாம். பிறகு அவற்றை மகளின் கிளினிக் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். தடுப்பூசிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அட்டையை எடுக்கும்போது அவை கையில் தட்டுப்படும்.

அறிக்கை போனது. 'செயலமர்வு முழு வெற்றி. செய்முறைப் பயிற்சி: அனைவரும் மிக நன்று.' கீழே மதிப்பீட்டாளர் என்று என் கையொப்பம். நிறுவனத்தின் மலரில் படமும் வந்தது. ஃப்ரீசரைத் திறந்து காட்டிய உதவியாளர் ஓரத்தில் நின்றிருந்தார், படத்தில் அவருடைய தோள் மட்டும் இருந்தது. அந்த அறிக்கையைக் காட்டியே தலைவர் கொழும்புக்குப் போனார் என்று சொல்வார்கள். போகும்போது என் நிரந்தர நியமனத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மிக நல்ல கடிதம். அதில் 'நேர்மை' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அறிக்கை நன்றாக இருந்ததால் பாடநெறிக்கு அனுமதி வந்தது. புதிய ஃப்ரீசர் வந்தது, கலங்களும் வந்தன. போன மாதம் முதல் தடவையாக எங்கள் மாணவர்கள் உண்மையான பற்றீரியாவை வளர்த்தார்கள். ஊதா விளக்கைப் போட்டபோது தட்டில் பச்சைப் புள்ளிகள் மின்னின. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்று. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவராக வந்து, பிறகு எங்களிடமே வேலைக்குச் சேர்ந்த இளைய விரிவுரையாளர் ஒருவரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

அடுத்த நாள் காலை வந்து, "தட்டெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"கழுவி வச்சாச்சு மிஸ்" என்றாள் ஒரு மாணவி. வெலிமடையிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளை.

"எங்க கழுவினீங்க?"

அவள் கை காட்டியது, நாங்கள் தேநீர்க் கோப்பை கழுவும் தொட்டி.

அது நோய் தரும் வகை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கிருமிகளை மருந்துக்குக் கட்டுப்படாமல் செய்யும் ஒரு மரபணு அதற்குள் இருக்கிறது. வெளுக்கும் திரவத்தில் ஊறப்போட்டோ நீராவியில் அவித்தோ கொன்ற பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். தொட்டியை நானே திரவம் ஊற்றிக் கழுவினேன். அன்று வீட்டுக்குப் போய்க் குளிக்கும் வரை மகளைத் தூக்கவில்லை. குளித்த பிறகும் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காய்ச்சலோடு இரண்டு கையையும் நீட்டி அழுதுகொண்டிருந்தாள்.

அந்த இளைய விரிவுரையாளரைக் கடிந்துகொண்டேன். அவர் மெதுவாக, "எனக்கு யாரு மிஸ் சொல்லித் தந்தா? நாம கடதாசிதானே வெட்டுனோம். அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே" என்றார்.

இப்போது திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதே செயலமர்வை அதே முறையில் வேறு இடங்களிலும் நடத்தப்போகிறார்களாம். முதல் மதிப்பீட்டை மூலப்படிவங்களோடு வரும் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஃபைல் இப்போது என் பொறுப்பில்தான் இருக்கிறது. அவரும் எப்படியோ அறிந்து போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஃபைல் அப்பிடியே இருக்குதானே? அப்பிடியே அனுப்பிருங்க. அளவா இருக்கும்."

வெலிமடையில் ஆசிரியராக இருக்கும் என் கணவர், "துண்ட அனுப்பினா அவருக்கு ஒன்னும் ஆகாது. கையெழுத்து ஒன்னோடது. ஒன்னயத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. நியமனம் உறுதியாக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, யோசிச்சுக்க" என்றார். பசறையிலிருக்கும் அம்மாவோ, "நம்மாள்ல ஒருத்தரு அந்த நாக்காலி வரைக்கும் போயிருக்காரு. நீயா அவரக் கீழ இழுக்கணும்?" என்கிறார். நம்மாள் என்று சொல்ல அவர் எப்போதாவது வாய் திறந்தாரா என்று கேட்க நினைத்தேன்.

போன ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வந்து, மகள் தூங்கும் நேரத்தில் கிளினிக் அட்டை உறையைத் திறந்தேன். ஃபைலையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பெயர் படிவத்தின் மேலேதான் இருக்கிறது, துண்டுகளில் கிடையாது. எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே ஒன்றை எடுத்து ஒரு படிவத்தின் அடியில் வைத்தேன். பொருந்தவில்லை. அடுத்ததில் வைத்தேன். மேடும் பள்ளமும் அப்படியே போய்ச் சேர்ந்துகொண்டன. நான் நேராக வெட்டாததால் ஒவ்வொரு துண்டும் தன்னுடைய படிவத்தோடு மட்டும்தான் சேர்கிறது. டி.என்.ஏ.யைக் கோணலாக வெட்டும்போதும் இப்படித்தான், அதனதன் இணையோடுதான் ஒட்டும். வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னபடி நேராக வெட்டியிருந்தால் ஒன்றையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

'பற்றீரியாவைக் கண்ணால் காணவில்லை.' 'சாப்பாடு நன்று, கம் நன்று.' 'என் மகள் முன்பள்ளியில் இதைவிட அழகாக ஒட்டுவாள்.' கிழக்கிலிருந்து வந்தவர், 'தோற்றதைக் காட்டியிருந்தால் கற்றிருப்போம்' என்று எழுதியிருந்தார். இன்னொரு துண்டில், சின்ன எழுத்தில், 'பரிசோதனை முடிந்ததும் மீதியை என்ன செய்வது, எப்படி அழிப்பது என்று சொல்லித்தரவில்லை. தயவுசெய்து சொல்லவும்.' அது எங்கள் இளைய விரிவுரையாளரின் படிவத்தோடு போய்ச் சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார். நான் அதை வெட்டிப் பிள்ளையின் பைக்குள் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. அதில் எழுத்தே இல்லை. மதிப்பீட்டாளரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி. அது என்னுடையது. மேலே பன்னிரண்டு 'மிக நன்று'. ஃப்ரீசருக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் அந்தப் பத்தொன்பது பேரில். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன். அவர் வெட்டச் சொல்வதற்கு முன்பே என்னுடையதை நான் வெட்டிவிட்டேன் போலிருக்கிறது. இத்தனை பக்கம் அவரை ஏளனமாக எழுதிய பிறகு இதைச் சொல்லாமல் விடுவது சரியாகப் படவில்லை.

இதை வாசிப்பவர்களில் வேலையில் இருப்பவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். பதினெட்டுத் துண்டையும் அதனதன் இடத்தில் ஒட்டி அனுப்ப முடிவு செய்துவிட்டேன் என்று காலையில் தோன்றுகிறது, பின்னேரமானால் கை பின்வாங்குகிறது. அனுப்புவதானால் என்னுடைய பத்தொன்பதாவது துண்டை என்ன செய்வது? இன்றைய திகதியைப் போட்டு, அன்று எழுத வேண்டியதை இன்று எழுதி ஒட்டுவதா? அல்லது வெறுமையாகவே ஒட்டி, அன்று நான் யாராக இருந்தேன் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று விடுவதா? திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். கம் போத்தலை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.